முன்வைக்க மறுத்த ஓர் அடி

பொதட்டூர்பேட்டையில் தறி ஓசை கேட்காத தெருக்கள் குறைவு. இங்கே வளர்ந்தவர்களுக்குக் கையின் அருமையை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. நாடா ஓடவும், அறுந்த இழையைக் கண்டெடுத்து முடியவும், பாவில் விழுந்த சிக்கலைப் பொறுமையாக விடுவிக்கவும் நெசவாளிக்கு இருப்பது இரண்டு கைகளே. அந்தக் கைகளில் நடுக்கம் கண்டுவிட்டால், எவ்வளவு பெரிய தொழில்காரரும் தறியை விட்டு எழுந்து திண்ணைக்கு வந்துவிடவேண்டியதுதான். அத்தகைய முதியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். இவ்வூர் முடிதிருத்தும் நிலையம் ஒன்றின் சுவரில், எம்.ஜி.ஆர். படத்திற்கு அருகில் பல ஆண்டுகள் மாட்டப்பட்டிருந்த முகமது அலியின் படத்தையும் பார்த்திருக்கிறோம். கையுறை அணிந்த அந்தக் கைகளும் பிற்காலத்தில் நடுங்கின என்பதை எண்ணும்போதுதான் இக்கட்டுரையை எழுதத் தோன்றியது.

சுவரில் அந்த இருவரும் அருகருகே இருந்ததற்குக் காரணம் உண்டு. 1980 ஜனவரி இறுதியில் அலி சென்னைக்கு வந்தார். நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டியொன்றில் கலந்துகொண்டார். அப்போது முதலமைச்சராக இருந்தவர் எம்.ஜி.ஆர். ‘ஆங்கிலக் குத்துச்சண்டை’ என்ற பெயரில் இக்கலையைத் தலைமுறைகளாகப் போற்றிவந்த வடசென்னைக்கு, சார்பட்டா என்றும் இடியப்ப நாயக்கர் என்றும் பரம்பரை பிரித்து மோதிய அந்த மண்ணுக்கு, அலியின் வருகை திருவிழாவாக இருந்ததில் வியப்பில்லை. அன்று அவரோடு மேடையேறி மோதிக் காட்டியவர் ஜிம்மி எல்லிஸ் என்ற மற்றொரு அமெரிக்கர். யார் இந்த எல்லிஸ் என்பதைப் பிறகு சொல்வோம்.

குத்துச்சண்டையைப் பற்றி ஒரு கத்தோலிக்க இதழில் எழுதுவது தகுமா என்று வாசகர் சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. எதிராளியை நினைவிழக்கச் செய்வதையே வெற்றியாகக் கொண்ட விளையாட்டு இது. உரோமையில் இயேசு சபையினர் வெளியிடும் ‘லா சிவில்தா கத்தோலிக்கா’ இதழ் 2005இல் தொழில்முறைக் குத்துச்சண்டையைக் கடுமையாகக் கண்டித்தது. அதனைச் சட்டம் அனுமதித்த கொலைமுயற்சி என்றே மதிப்பிட்டது. எனினும் திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் குத்துச்சண்டை வீரனை உவமையாக எடுத்தாளத் தயங்கவில்லை. இங்கு நம் கவனத்தை ஈர்ப்பது அலி விட்ட குத்துகள் அல்ல. பிறரை அடித்துப் பிழைத்த ஒருவர் கொல்ல மறுத்து நின்றாரே, அந்த முரண்தான்.

அவர் 1942 ஜனவரி 17 அன்று அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் கேஷியஸ் கிளே என்னும் பெயரோடு பிறந்தார். பன்னிரண்டு வயதில் அவரது மிதிவண்டி களவுபோயிற்று. திருடியவனை அடித்து நொறுக்கப் போவதாக அழுதுகொண்டே முறையிட்ட சிறுவனிடம், முதலில் சண்டையிடக் கற்றுக்கொள் என்றார் ஜோ மார்ட்டின் என்ற காவலர். அவரே அடித்தளக் கூடம் ஒன்றில் சிறுவர்களுக்குக் குத்துச்சண்டை பயிற்றுவித்துவந்தார். அதே காலத்தில் அருகிலிருந்த நாசரேத் கல்லூரி நூலகத்தில் மேசை நாற்காலிகளைத் துடைத்து வைக்கும் மாலை நேர வேலையையும் கிளே பார்த்தார். அக்கல்லூரியை நடத்தியவர்கள் நாசரேத் அன்பின் சகோதரிகள். 1947இல் பீகாரின் மொகாமாவுக்கு வந்து மருத்துவப் பணி தொடங்கிய அதே சபையினர்தாம். பயிற்சியின் களைப்பில் நூலக மேசையிலேயே அவர் தூங்கிப்போவது உண்டு என்பதைச் சகோதரிகள் பின்னாளில் அன்போடு நினைவுகூர்ந்தனர்.

1960இல் உரோமை ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம். 1964 பிப்ரவரி 25 அன்று மயாமி கடற்கரையில் சோனி லிஸ்டனை வென்று உலக ஹெவிவெயிட் பட்டம். அப்போது அவருக்கு வயது 22. வென்ற கையோடு, தாம் ‘இஸ்லாம் தேசம்’ என்ற கறுப்பின இயக்கத்தைச் சேர்ந்தவர் என்று அறிவித்தார். பழைய பெயர் அடிமைப் பெயர் என்று உதறினார். அவருடைய தந்தை வழியாக வந்த அந்தப் பெயர் உண்மையில் அடிமை முறையை எதிர்த்த ஒரு வெள்ளையருடையது என்பது விந்தை. வெள்ளையரைப் பிசாசுகள் என்று போதித்த இயக்கம் அது. அந்த இயக்கத்திற்கு அவரை அழைத்துவந்த மால்கம் எக்ஸ் அதன் தலைவரோடு பிணங்கி வெளியேறியபோது, அலி தம் நண்பரிடம் முகம் கொடுக்காமல் திரும்பிக்கொண்டார். 1965 பிப்ரவரி 21 அன்று மால்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்படி முகம் திருப்பிக்கொண்டதற்காக அலி வருந்தி எழுதியது 2004இல்தான். நாற்பது ஆண்டுகள் ஆயின.

இவ்விடத்தில் நம்மவர் ஒருவரைக் குறிப்பிட வேண்டும். பிளாய்ட் பேட்டர்சன் கத்தோலிக்கத் திருமறையைத் தழுவிய கறுப்பினத்தவர். 1956இல் தம் 21ஆம் வயதில் ஹெவிவெயிட் பட்டம் வென்றவர். 1959இல் அதை இழந்து 1960இல் மீட்டவர். அப்படி மீட்ட முதல் மனிதர் அவரே. கூச்ச சுபாவமும் இரக்க மனமும் உள்ளவர். எதிராளியின் பற்காப்பு கீழே விழுந்தால் குனிந்து எடுத்துத் தர முயன்றவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அத்தகையவர், பட்டத்தைக் கறுப்பு முஸ்லிம்களிடமிருந்து மீட்டு அமெரிக்காவுக்குத் தருவதே தம் கடமை என்று பத்திரிகையில் எழுதினார். அலியைக் கிளே என்றே அழைத்தார். இவர் குடியேறிய வெள்ளையர் பகுதியில் அயலார் தந்த தொல்லை தாங்காமல் நட்டத்திற்கு வீட்டை விற்றுவிட்டு வந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். தம்மை அண்டைவீட்டாராக ஏற்காத நாட்டிற்காக அவர் பட்டம் மீட்கப் புறப்பட்டார்.

1965 நவம்பர் 22 அன்று லாஸ் வேகாஸில் இருவரும் மோதினர். பேட்டர்சனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது; நேராக நிற்கவே துன்பப்பட்டார். அலி நினைத்திருந்தால் விரைவிலேயே முடித்திருக்கலாம் என்பது பார்த்தவர் பலரின் கருத்து. பன்னிரண்டாம் சுற்றில் நடுவர் குறுக்கிடும்வரை சண்டை இழுபட்டது; இடையிடையே ஏளனப் பேச்சும் ஓயவில்லை. அதைக் கொடுமை என்று அல்லாமல் வேறு சொல்லால் நம்மால் குறிக்க இயலவில்லை. 1967 பிப்ரவரியில், கிளே என்று அழைத்த குற்றத்திற்காக எர்னி டெரலையும் பதினைந்து சுற்றுகள் அவ்வாறே வதைத்தார். ஒவ்வொரு குத்துக்கும் தம் பெயரைச் சொல்லச் சொன்னார்.

ஆனால் பேட்டர்சன் செய்த அடுத்த செயலைப் பலர் மறந்துவிட்டனர். 1966 ஆகஸ்டில் ‘எஸ்குவயர்’ இதழில் எழுத்தாளர் கே டாலீஸுடன் இணைந்து அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அடிபட்டவர் அடித்தவருக்காக வாதாடிய கட்டுரை அது. போரைப் பற்றித் தம் கருத்தைச் சொன்னதற்காக நாடே கிளேயின்மேல் பாய்வது முறையல்ல என்பது அதன் சாரம். அப்போதும் கிளே என்றுதான் எழுதினார்! பகைவரை அன்பு செய்வது பற்றி நாம் கேட்ட மறையுரைகள் பல. முதுகுவலியோடு பன்னிரண்டு சுற்று அடி வாங்கியவர் ஒன்பது மாதத்திற்குள் எழுதிய இந்தக் கட்டுரை அவற்றுள் பலவற்றைவிட நம் மனத்தில் நிற்கிறது.

அந்தப் போர் வியட்நாம் போர். 1964இல் எழுத்துத் தேர்வில் தேறாததால் இராணுவத்திற்குத் தகுதியற்றவர் என ஒதுக்கப்பட்டிருந்த அலி, அளவுகோல் தளர்த்தப்பட்டதும் 1966 பிப்ரவரியில் தகுதியுள்ளவர் ஆக்கப்பட்டார். வியட்காங் வீரர்களோடு தமக்கு எந்தச் சண்டையும் இல்லை என்று செய்தியாளரிடம் அவர் சொன்னது நாடெங்கும் தீப்போல் பரவியது. மனச்சான்றின்படி போரை மறுப்பவராகத் தம்மை ஏற்கவேண்டும் என்று விண்ணப்பித்தார். அதை விசாரித்த லாரன்ஸ் கிராமன் என்ற ஓய்வுபெற்ற நீதிபதி, இவருடைய மறுப்பு உள்ளார்ந்தது, விண்ணப்பத்தை ஏற்கலாம் என்று பரிந்துரைத்தார். நீதித்துறை அந்தப் பரிந்துரையை ஒதுக்கித் தள்ளியது. மேல்முறையீட்டு வாரியமும் காரணம் எதுவும் கூறாமல் விண்ணப்பத்தை நிராகரித்தது. காரணம் கூறாத அந்த மௌனம் பின்னர் என்ன செய்தது என்பதை வாசகர் நினைவில் வைத்திருக்கவேண்டும்.

1967 ஏப்ரல் 28, ஹூஸ்டன் நகரம். பெயர் வாசிக்கப்பட்டதும் ஓர் அடி முன்னால் வைக்கவேண்டும். வைத்தால் அந்த நொடியிலிருந்து அவர் போர்வீரர். பெயர் மீண்டும் மீண்டும் வாசிக்கப்பட்டது; மறுத்தால் சிறை என்று எச்சரிக்கப்பட்டது. அவர் அசையவில்லை. அன்றே நியூயார்க் ஆணையம் அவரது உரிமத்தை நிறுத்திவைத்தது. உலகப் பட்டமும் பறிக்கப்பட்டது. ஜூன் 20 அன்று ஐந்தாண்டுச் சிறையும் பத்தாயிரம் டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீடு நிலுவையில் இருந்ததால் சிறை செல்லவில்லை. ஆனால் கடவுச்சீட்டு போயிற்று, தொழில் போயிற்று. இருபத்தைந்து வயதிலிருந்து இருபத்தெட்டு வயது வரை, ஒரு குத்துச்சண்டை வீரனின் உடல் உச்சத்தில் நிற்கும் காலத்தில், கல்லூரி கல்லூரியாகச் சென்று பேசிப் பிழைத்தார்.

காலியான பட்டங்களுள் ஒன்றை 1968இல் வென்றவர்தான் ஜிம்மி எல்லிஸ். அவரும் லூயிவில்காரர், அலியின் பயிற்சித் துணைவர். தம்மிடமிருந்து பறிக்கப்பட்டதை அணிந்தவரோடுதான் அலி சென்னையில் சிரித்தபடி விளையாடினார்.

இக்காலத்தில் நம் திருச்சபை எங்கே நின்றது? ஒரே இடத்தில் நிற்கவில்லை என்பதே உண்மை. திருத்தந்தை ஆறாம் பவுல் 1965 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் அவையில் போரே கூடாது என்று முழங்கினார். அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று நிறைவேறிய ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் சங்க ஏடு, மனச்சான்றின் பொருட்டு ஆயுதம் ஏந்த மறுப்போரைச் சட்டங்கள் மனிதநேயத்தோடு நடத்தவேண்டும் என்றது. மறுபுறம், நியூயார்க் பேராயர் கர்தினால் ஸ்பெல்மன் வியட்நாமுக்கே சென்று அமெரிக்கப் படையினரை ஊக்கப்படுத்தினார். இதற்கு முன்னும் இப்படித்தான் இருந்தது. ஹிட்லரின் படையில் சேர மறுத்த ஆஸ்திரிய விவசாயி பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டருக்கு அவருடைய மறைமாவட்ட ஆயரே வேறு அறிவுரை சொன்னார். 1943 ஆகஸ்ட் 9 அன்று தலை வெட்டப்பட்ட அவருக்கு 2007இல் அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது.

1971 மார்ச் 8 என்ற ஒரே நாளில் நிகழ்ந்த மூன்று நிகழ்ச்சிகளை நாம் சற்று நின்று பார்க்க விரும்புகிறோம்.

ஒன்று உலகறிந்தது. 1970 அக்டோபரில் மேடைக்குத் திரும்பியிருந்த அலி, அன்றிரவு நியூயார்க் மேடிசன் சதுக்க அரங்கில் ஜோ பிரேசியரை எதிர்த்தார். இருவருக்கும் தலா 25 இலட்சம் டாலர். பதினைந்தாம் சுற்றில் பிரேசியரின் இடக்கைக் குத்தில் அலி மல்லாந்து விழுந்தார், எழுந்தார், தோற்றார். தொழில்முறை வாழ்வில் அது அவருடைய முதல் தோல்வி. இரண்டாவது, காவலர் கவனம் முழுவதும் சண்டையில் இருக்கும் என்று கணக்கிட்டு, பென்சில்வேனியாவின் மீடியா என்னும் சிற்றூரில் மத்திய உளவுத்துறை அலுவலகத்திற்குள் போர் எதிர்ப்பாளர் சிலர் புகுந்து கோப்புகளை எடுத்துச் சென்றனர். கத்தோலிக்கப் போர் எதிர்ப்பு இயக்கத்தோடு உறவுடையோரும் அவர்களில் இருந்தனர். அரசு தன் குடிமக்களையே வேவு பார்த்துவந்தது அக்கோப்புகளால் வெளிப்பட்டது.

மூன்றாவது நிகழ்ச்சி அன்று பகலில் வாஷிங்டனில் நடந்தது. லூயிஸ் நீக்ர் என்ற கத்தோலிக்கப் படைவீரர், நீதியான போர் பற்றிய நம் திருச்சபையின் போதனையை வைத்து, வியட்நாம் போர் அநீதியானது, தம்மால் அதில் பங்கேற்க இயலாது என்று வாதிட்டிருந்தார். எல்லாப் போரையும் மறுப்பவருக்கே விலக்கு, குறிப்பிட்ட ஒரு போரை மறுப்பவருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அமர்வில் இருந்த ஒரே கத்தோலிக்கரான நீதியரசர் பிரென்னனும் பெரும்பான்மையோடே நின்றார். ஒரு குறிப்பிட்ட போரை மறுக்கும் உரிமையைச் சட்டம் ஏற்கவேண்டும் என்று அமெரிக்க ஆயர்கள் 1968 நவம்பரிலேயே கேட்டிருந்தும் பயனில்லை. எல்லாப் போரும் பாவம் என்று போதிக்கும் சபையாருக்கு வழி திறந்திருந்தது. போரைச் சீர்தூக்கிப் பார் என்று போதிக்கும் நமக்கோ அடைத்துக்கொண்டது. நீக்ரின் பெயர் எந்த முடிதிருத்தும் நிலையச் சுவரிலும் இடம்பெறவில்லை.

அத்தீர்ப்பு அலிக்கும் ஆபத்தாக இருந்தது. இறைவன் ஆணையிடும் புனிதப் போரில் மட்டுமே சேரலாம் என்பது அவர் சார்ந்த இயக்கத்தின் போதனை. ஆகவே அவரும் எல்லாப் போரையும் மறுப்பவரல்லர் என்று அரசு வாதிட்டது. நீதியரசர்கள் முதலில் ஐந்துக்கு மூன்று என்ற நிலையில் அவருக்கு எதிராகவே இருந்தனர். தீர்ப்பெழுதப் பணிக்கப்பட்ட நீதியரசர் ஹார்லன், உதவியாளர்கள் கொடுத்த நூலைப் படித்து மனம் மாறினார். நான்குக்கு நான்கு என்றானால் தண்டனை அப்படியே நிலைத்துவிடும். அப்போது நீதியரசர் ஸ்டூவர்ட் கண்டுபிடித்த வழி, நாம் நினைவில் வைக்கச் சொன்ன அந்த மௌனம். மேல்முறையீட்டு வாரியத்திடம் அரசு மூன்று காரணங்கள் சொல்லியிருந்தது. அவற்றுள் இரண்டு பொருந்தாதவை என்று அரசே பின்னர் ஒப்புக்கொண்டது. வாரியம் எதை நம்பி நிராகரித்தது என்பது தெரியாதபோது தண்டனை நிற்காது. 1971 ஜூன் 28 அன்று எட்டு நீதியரசர்களும் ஒருமனதாக அலியை விடுவித்தனர். ஒன்பதாமவர் வழக்கில் பங்கேற்கவில்லை. மனச்சான்று வென்றது என்று மேடைகளில் சொல்வதுண்டு. வென்றது ஒரு வாரியத்தின் கவனக்குறைவுதான்; மனச்சான்றைப் பற்றி நீதிமன்றம் பெரிதாக எதுவும் சொல்லவில்லை.

இதற்குப் பிந்திய வெற்றிகளை வாசகர் அறிவர். 1974 அக்டோபர் 30இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் போர்மனை எட்டாம் சுற்றில் வீழ்த்திப் பட்டத்தை மீட்டார். 1978இல் லியோன் ஸ்பிங்க்ஸிடம் இழந்து அதே ஆண்டில் மூன்றாம் முறை பெற்றார். ஆனால் 1975 அக்டோபர் 1இன் மணிலாவைக் கடந்துபோக நமக்கு மனமில்லை. பிரேசியர் தென் கரோலினாவின் ஏழைக் குடும்பத்திலிருந்து வந்தவர். பிலடெல்பியாவில் இறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர். அலி மேடையிழந்து இருந்த நாள்களில் அவர் திரும்பி வரவேண்டும் என்று பேசியவர், பணமும் கொடுத்து உதவியதாகச் சொன்னவர். அவரைத்தான் அலி ‘கொரில்லா’ என்றார். பொம்மைக் குரங்கை வைத்துக்கொண்டு செய்தியாளர் முன் குத்திக் காட்டினார். ஒரு கறுப்பினத்தவர் மற்றொரு கறுப்பினத்தவரைக் குரங்கு என்றார், வெள்ளையர் சிரித்தனர். பதினான்கு சுற்றுகளுக்குப் பின் பிரேசியரின் இரு கண்களும் வீங்கி மூடியதால் பயிற்சியாளர் எட்டி பட்ச் சண்டையை நிறுத்தினார். சாவுக்கு அவ்வளவு அருகில் தாம் சென்றதில்லை என்ற பொருளில் அலியும் சொன்னார். பிரேசியரின் பிள்ளைகள் பள்ளியில் அந்தக் கேலிப் பெயரைக் கேட்டு வளர்ந்தனர்.

இந்தியாவுக்கு வந்தபோது அலிக்கு வயது 38. சென்னைக்கு முன் டெல்லியில் அவரோடு காட்சிப் போட்டியில் மோதியவர் கௌர் சிங், இந்திய இராணுவ வீரர். போர்வீரராக மறுத்தவரும் போர்வீரரும் ஒரே மேடையில் கைகுலுக்கினர். இச்சுற்றுப்பயணத்தின்போதே அமெரிக்க அதிபர் கார்ட்டரின் அழைப்பு வந்தது. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை புகுந்ததால் மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்குமாறு ஆப்பிரிக்க நாடுகளிடம் பேசவேண்டும். அன்று சிறைக்கு அனுப்ப முனைந்த அரசு இன்று தூதராக்கி அனுப்பியது. தான்சானிய அதிபர் நியரேரே அவரைச் சந்திக்கவே மறுத்தார். 1976இல் நிறவெறிக்கு எதிராக ஆப்பிரிக்கா ஒலிம்பிக்கைப் புறக்கணித்தபோது அமெரிக்கா ஏன் துணை நிற்கவில்லை என்று செய்தியாளர் கேட்டனர். அதைத் தமக்கு யாரும் சொல்லவில்லை என்றார் அலி. அறியாமையை மறைக்காமல் ஒப்புக்கொண்ட அந்தப் பதில் நமக்குப் பிடிக்கிறது; தூதுக்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ளாததுதான் பிடிக்கவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். 1980 அக்டோபர் 2இல் லாரி ஹோம்ஸ், 1981 டிசம்பர் 11இல் டிரெவர் பெர்பிக் என இருவரிடம் தோற்றபின்தான் கையுறையைக் கழற்றினார். மொத்தம் 61 போட்டிகள், 56 வெற்றிகள். 1982இல் வத்திக்கானில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலைச் சந்தித்தார். 1984இல் பார்க்கின்சன் நோய்க்கூறு கண்டறியப்பட்டது. பேச்சு தேய்ந்தது, முகம் இறுகியது. 1996 ஜூலை 19 இரவு அட்லாண்டாவில் ஒலிம்பிக் சுடரேற்ற அவர் தீப்பந்தத்தோடு நின்றபோது இடக்கை நடுங்கியதை உலகமே பார்த்தது. பேட்டர்சனுக்கோ நினைவே அழிந்தது. நியூயார்க் குத்துச்சண்டை ஆணையத் தலைவர் பதவியை 1998இல் துறந்து, 2006இல் இறந்தார்.

பிரேசியர் 2011 நவம்பர் 7 அன்று மறைந்தார். பிலடெல்பியாவில் நடந்த அடக்கச் சடங்கிற்கு அலி வந்திருந்தார். மறைந்தவருக்காக அனைவரும் எழுந்து கரவொலி எழுப்பவேண்டும் என்று போதகர் ஜெஸ்ஸி ஜாக்சன் கேட்டுக்கொண்டார். அப்போது அலிக்கு அறுபத்தொன்பது வயது. இறப்பதற்கு இன்னும் ஐந்து ஆண்டுகள்கூட இல்லை. அவர் எழுந்து நின்றார். நடுங்கும் அந்த இரு கைகளையும் பலமாகத் தட்டினார்.